பத்துப் பழம் உதிர்ந்தால் குலை வெட்டலாம்: ‘குறையே கூடாது’ என்ற பிடியிலிருந்து படிப்படியாக வெளியே வர

செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுகிறவரிடம் போய், “எல்லாப் பழமும் நன்றாகப் பழுத்த பிறகு வெட்டலாமே” என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடப்பார். ஒரு குலையில் ஆயிரத்துக்கும் மேல் பழம் இருக்கும். உள்ளே இருக்கிற கடைசிப் பழம் பழுக்கட்டும் என்று விட்டால் வெளிப்பழம் எல்லாம் மரத்தடியில் சிந்திவிடும். அதைக் குனிந்து பொறுக்கவே ஓர் ஆள் வேண்டும். அடிபட்ட, அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரமும் இறங்கும். அதனால்தான் ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். மலேசிய செம்பனை வாரியத்தின் தரப்படுத்தலில், ஆலைக்கு வரும் குலையில் குறைந்தது பத்துப் பழம் உதிர்ந்த குழி தெரிந்து, பாதிக்கு மேல் பழம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது பழுத்த குலை. மேற்கொண்டு விவாதம் இல்லை.

குறையே கூடாது என்று நினைப்பவரிடம் திறமை இருக்கும், உழைப்பும் இருக்கும். இந்தப் பத்துப் பழக் கணக்கு மட்டும் இருக்காது. எந்த இடத்தில் வேலை முடிந்தது என்று தொடங்கும் முன்பே முடிவு செய்யாததால், இரவு மணி இரண்டாகும் வரை, இல்லையென்றால் கடைசித் தேதி தாண்டும் வரை இழுத்துக்கொண்டே போகும். சிலருக்கு வேலை தொடங்கவே தொடங்காது.

கீழே சொல்லும் முறை உங்கள் தரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. தரத்தை முன்கூட்டியே எழுதிவைத்து, அதைத் தொட்டதும் கையை எடுக்கப் பழக்குகிறது. மொத்தம் பன்னிரண்டு வாரம். எண்பது பக்கப் பயிற்சிப் புத்தகம் ஒன்றும் பேனாவும் போதும்.

இது அதுதானா?

கறாராக வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இந்தப் பிடியில் இருப்பவர்கள் இல்லை. நல்ல தையற்காரம்மா ரவிக்கையின் கைக்குழியை இரண்டு முறை பிரித்துத் தைப்பார். மூன்றாம் முறை சரியாக வந்ததும் இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போவார். பிடியில் இருப்பவர் மடித்து வைத்த ரவிக்கையை இரவில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வாங்கிப்போனவள் புலனத்தில் (வாட்ஸ்அப்) பதில் போடவில்லையென்றால், ‘பிடிக்கவில்லை போலிருக்கிறது’ என்று மனம் அரிக்கும். ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்களான ரோஸ் ஷஃப்ரான், ஸஃப்ரா கூப்பர், கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் ஆகியோர் 2002-இல் இந்த நிலையை விளக்கியபோது அழுத்திச் சொன்னது இதைத்தான்: ஒருவர் தன்னுடைய மதிப்பையே தான் எட்டும் தரத்தின்மேல் கட்டி வைத்துவிடுகிறார், உடம்பும் உறவும் கெட்டாலும் விடுவதில்லை. எட்டாவிட்டால் தன்னைத் திட்டிக்கொள்வார். எட்டிவிட்டாலோ, ‘அது சுலபமான வேலை, அதனால்தான் முடிந்தது’ என்று தரத்தை இன்னும் மேலே தூக்கி வைப்பார். இரண்டு பக்கமும் தோல்விதான்.

கனடாவின் உளவியலாளர்கள் பால் ஹியூவிட், கோர்டன் ஃபிளெட் இருவரும் 1991-இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள். நமக்கு நாமே வைத்துக்கொள்வது ஒன்று. மற்றவர்மேல் சுமத்துவது இன்னொன்று. மற்றவர்கள் நம்மிடம் குறையில்லாததையே எதிர்பார்க்கிறார்கள் என்று நாம் நம்புவது மூன்றாவது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்களிடம் 1989 முதல் 2016 வரை எடுத்த அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்ததில் மூன்றுமே ஏறியிருந்தன. மிக அதிகமாக ஏறியது மூன்றாவது.

நம் பட்டணங்களில் அந்த மூன்றாவதற்கு விளக்கம் தேவைப்படாது. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) முடிவு வந்த அன்று ஒட்டுக்கடைக்கு ரொட்டி வாங்கப் போனால், “எத்தனை ஏ?” என்ற கேள்வி மாவு பிசைகிற இடத்திலிருந்தே வரும். முன்பு தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகக் கேட்ட பேச்சு இப்போது தாமான் (குடியிருப்பு) புலனக் குழுவில் கேட்கிறது. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்கிறோமே, அந்த நாலு பேரும் இங்கே பெயர், வீட்டு எண்ணோடு தெரிந்தவர்கள். அதனால், ‘யார் என்ன சொன்னாலும் கவலைப்படாதே’ என்ற அறிவுரை இந்த ஊருக்கு ஒத்து வராது. கவலைப்பட்டுக்கொண்டே செய்யக்கூடிய முறைதான் வேண்டும்.

முதல் வாரம்: எழுதுவது மட்டும்

எதையும் மாற்றாதீர்கள். புத்தகத்தில் ஐந்து பத்தி (நெடுவரிசை) போடுங்கள்: வேலை, எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தேன், எவ்வளவு ஆனது, எந்த இடத்தில் சிக்கினேன், அந்த நேரம் என்ன பயம். நாளுக்கு மூன்று வரி போதும். காலையில் வீடு கூட்டியதையும் எழுதலாம், மேலாளருக்கு அனுப்பிய அறிக்கையையும் எழுதலாம். கடைசிப் பத்தியைக் காலியாக விடாதீர்கள். ‘பயம் இல்லை, நன்றாகச் செய்ய நினைத்தேன்’ என்று கை எழுத வரும். அப்போது, ‘நன்றாக வராவிட்டால் என்ன ஆகும்?’ என்று ஒரு முறை கேட்டுக்கொண்டு அந்தப் பதிலை எழுதுங்கள்.

இந்த வாரத்தில் வழக்கமாக நடக்கும் கோளாறு ஒன்றுதான், ஆனால் ஏறக்குறைய எல்லாருக்கும் நடக்கும். புத்தகமே அடுத்த பூரண வேலையாகிவிடும். ரூலர் வைத்துக் கோடு, தலைப்புக்குச் சிவப்பு மை, இரண்டு நாள் விட்டுப்போனதும் ‘திங்கட்கிழமை புதிதாகத் தொடங்குகிறேன்’. வேண்டாம். கோடு கையாலேயே போடுங்கள். தப்பானால் அடித்துவிட்டு அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். விட்டுப்போன நாள் விட்டுப்போனதாகவே இருக்கட்டும். ஐந்து நாள் கிடைத்தால் போதும்.

ஏழாம் நாள் இரண்டாவது, மூன்றாவது பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரை மணி என்று நினைத்தது இரண்டு மணி ஆகியிருக்கும். எல்லா வேலையிலும் அப்படி ஆகாது. பெரும்பாலும் இரண்டு மூன்று வகையில்தான்: எழுத்து வேலை, பிறர் பார்க்கும் வேலை, ஒருவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டிய வேலை. உங்களுக்கு எது என்று தெரிந்தால் இந்த வாரத்தின் வேலை முடிந்தது.

இரண்டாம் வாரம்: மூன்று கூடை

வேலைகளை மூன்று கூடையாகப் பிரிக்க வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிற்பாடு, ‘தரத்தைக் குறைத்தேன், அடி வாங்கினேன்’ என்று திரும்பி வருகிறார்கள்.

பிழையே கூடாத கூடை: மின்கம்பி இணைப்பு, எரிவாயுக் குழாய், மருந்தளவு, களைக்கொல்லி கலக்கும் அளவு, ஆட்களின் சம்பளக் கணக்கு, ஈ.பி.எஃப். (சேமநிதி) எண். இங்கே இரண்டு முறை சரிபார்ப்பது தவறே இல்லை. லேபிளில் போட்ட அளவை ஒருவர் படிக்க இன்னொருவர் ஊற்றலாம். ஆனால் இந்தக் கூடைக்கும் எல்லை உண்டு: சரிபார்ப்பு இரண்டு முறை, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு. ஐந்தாவது முறை பார்க்கும்போது கண் எழுத்தைப் படிக்காது, பழக்கத்தில் ஓடும், பிழை தப்பிவிடும்.

போதுமானது போதும் என்ற கூடை: அறிக்கை, ரெசுமே, மின்னஞ்சல், கடைக்குத் தரும் முறுக்கு, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரல், வீட்டுக்கு விருந்தாளி வரும் நாள். வாழ்க்கையின் பெரும்பகுதி இங்கேதான் கிடக்கும்.

முடிந்தால் சரி என்ற கூடை: அலமாரி அடுக்குவது, குழுவில் வாழ்த்துச் செய்தி, பைக் கழுவுவது.

முதல் கூடையில் பத்துக்கு ஒன்றோ இரண்டோ வேலைக்கு மேல் விழுந்தால் பிரித்ததில் கோளாறு. ‘மேலாளருக்குப் போகும் மின்னஞ்சல், அதனால் முதல் கூடை’ என்று தோன்றும். பிழை நடந்தால் யாருக்காவது காயமோ, பணநட்டமோ, சட்டச் சிக்கலோ வருமா என்று கேளுங்கள். மானம் மட்டும்தான் போகும் என்றால் அது இரண்டாவது கூடை.

பழ அடையாளம் எழுதும் முறை

இரண்டாவது கூடையில் உள்ள எந்த வேலையையும் தொடங்கும் முன் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி, என்னென்ன இருந்தால் முடிந்தது. நான்குக்கு மேல் போகக் கூடாது. இரண்டாவது, எத்தனை சுற்றுத் திருத்தம். மூன்றாவது, எந்த மணிக்குக் கையை எடுப்பது.

முறுக்கை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு வீட்டிலேயே சுட்டு விற்க நினைக்கும் பெண்கள் பல பேர் மாவு பிசைவதற்கு முன்பே நின்றுபோவது இங்கேதான். அடையாளம் இப்படி இருக்கலாம்: கடித்தால் நொறுங்க வேண்டும், கருகல் கூடாது, பாக்கெட்டில் எழுதிய எடை குறையக் கூடாது, நன்றாக ஆறிய பிறகே உறையை ஒட்ட வேண்டும். நான்கு முடிந்தது. வளையம் எல்லாம் ஒரே அளவு என்பது இதில் இல்லை, கவனியுங்கள். நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு உளுந்து மாவு, ஒரு கரண்டி சூடான எண்ணெய். போட்டதும் பொங்கிய நுரை அடங்கினால் எடுத்துவிடலாம். இவை சுவையைத் தீர்மானிப்பவை. வட்டம் கோணியதால் முறுக்கைத் திருப்பிக் கொடுத்தவர் இல்லை. நமுத்துப்போனதால் திருப்பியவர்கள் உண்டு, அதற்குக் காரணம் பெரும்பாலும் சூடு ஆறுவதற்குள் உறையை ஒட்டியது. குறையே கூடாது என்பவர் வட்டத்துக்கு ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு, நேரம் போய்விட்டதே என்று ஆறாத முறுக்கைப் பாக்கெட்டில் போடுவார். கவலை போன இடம் ஒன்று, பிழை நடந்த இடம் வேறு.

ரெசுமேக்கு அடையாளம்: ஒரு பக்கம், தொலைபேசி எண் சரி, கடைசி இரண்டு வேலை அல்லது படிப்பு, கேட்ட சான்றிதழ்களின் நகல். இரண்டு சுற்று. வியாழன் மாலை 5 மணி. 5 மணிக்கு அது எந்த நிலையில் இருந்தாலும் போக வேண்டும்.

பாதியில் அடையாளத்தை ஏற்றாதீர்கள். ‘இன்னும் நேரம் இருக்கிறதே, ஓர் அட்டவணையும் சேர்க்கலாம்’ என்று மனம் சொல்லும். அந்த யோசனையைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ‘அடுத்த முறை’ என்ற தலைப்பில் போட்டுவிட்டு வேலையைத் தொடருங்கள். அந்தப் பக்கம் பிற்பாடு மிகவும் உதவும்.

நேரத்துக்கு வேலி

‘கிடைத்த நேரம் முழுவதையும் வேலை நிரப்பிக்கொள்ளும்’ என்ற விதியை எழுதியவர் நார்த்கோட் பார்க்கின்சன். 1955-இல் அது வெளிவந்தபோது அவர் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். நம் பக்கத்து வெயிலில் உட்கார்ந்து எழுதிய விதி என்று ஒரு சந்தோஷத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொடுத்தால் ஒரு பக்கக் கடிதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேவைப்படும்.

ஆகவே 25 நிமிடம் கைப்பேசியில் வையுங்கள். முதல் 25 நிமிடத்தில் கரடுமுரடான முழு வடிவம்: தொடக்கம், நடு, முடிவு மூன்றும் இருக்க வேண்டும், அழகு வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் எழுந்து தண்ணீர் குடியுங்கள். இரண்டாவது 25-இல் பழ அடையாளத்தோடு ஒப்பிட்டுத் திருத்தம். அங்கே பெரும்பாலும் முடிந்துவிடும். முதல் பத்தியையே பளபளவென்று தேய்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த வரிசை மிகவும் முக்கியம். கடைசிப் பத்தி வரை போகாமல் முதல் பத்தியில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் மதிப்பிடும்போது முதல் வாரப் பத்தியைப் பாருங்கள். நினைத்ததைவிட இரண்டு மடங்கு ஆகிறதென்றால் இப்போதைக்கு ஒன்றரை மடங்கு ஒதுக்குங்கள். உடனே பாதியாக்கினால் முதல் நாளே தோற்று, ‘எனக்கு இது வராது’ என்று புத்தகத்தை மூடிவிடுவீர்கள். இந்தக் குணத்துக்கே உரிய பொறி அது: திருந்துவதையும் ஒரே நாளில் குறையில்லாமல் செய்ய நினைப்பது.

மூன்றாம் வாரம் முதல்: ஏணி

பயத்துக்கு நேராகப் படிப்படியாகப் போவதுதான் இந்த முறையின் முதுகெலும்பு. உளவியல் சிகிச்சையில் நெடுங்காலமாகப் பயன்படுவது. ‘குறையோடு செய்தால் என்ன ஆகுமோ’ என்று பயப்படுகிற காரியங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பயமதிப்பெண் போடுங்கள். 20, 30 அளவில் தொடங்கி ஏறுங்கள்.

தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராகச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கு நன்றாக வரும். மலாயில் எழுதும்போதும் கூட்டத்தில் பேசும்போதும்தான் கை உறையும். அவளுடைய ஏணி இப்படி இருக்கலாம். 20: தோழிக்கு ஒரு செய்தி, திரும்பப் படிக்காமல். 30: குடும்பக் குழுவில் குரல் பதிவு, ஒரே தடவையில். 40: ஆபீஸ் குழுவில் மலாயில் ஒரு கேள்வி, ஒரு முறை மட்டும் படித்துவிட்டு. 50: ஐந்து வரி மின்னஞ்சல், பத்து நிமிடத்துக்குள். 60: கூட்டத்தில், “புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று கேட்பது. 70: பாதி முடிந்த அறிக்கையை மேலாளரிடம் காட்டி, “இந்தப் போக்கு சரியா?” என்று கேட்பது. 85: காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) எல்லார் முன்னாலும் மூன்று நிமிடம் பாதுகாப்பு விதிகளைப் பற்றிப் பேசுவது.

ஒவ்வொரு படிக்கும் முன் ஒரு வரி: என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், எத்தனை விழுக்காடு நிச்சயம். செய்த பிறகு ஒரு வரி: உண்மையில் என்ன நடந்தது. உதாரணமாக 40-ஆம் படி. ‘ஒரு சொல்லில் எழுத்து விட்டுப்போயிருந்தால் மேலாளர் குழுவிலேயே திருத்துவார், எல்லாரும் சிரிப்பார்கள், 80 விழுக்காடு.’ அனுப்பியாகிவிட்டது. எழுத்து ஒன்று உண்மையிலேயே விட்டுப்போயிருந்தது. நான்கு நிமிடம் கழித்து, ‘ஓகே’ என்று பதில். அதை அப்படியே எழுத வேண்டும்: ‘ஓகே. நான்கு நிமிடம்.’ இதுபோல் பத்து வரி சேர்ந்த பிறகு உங்கள் மனம் எத்தனை முறை 80 என்று சொன்னது, அதில் எத்தனை நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். வெறும் அறிவுரையால் அசையாத பயம் தன் கையெழுத்தில் உள்ள கணக்கைப் பார்த்து அசையும்.

சில சமயம் நினைத்தது நடக்கும். மேலாளர் திட்டுவார். அதையும் எழுதுங்கள், ஆனால் மூன்று விவரத்தோடு: எத்தனை நிமிடம் நீடித்தது, பிழையைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் பிடித்தது, மறுநாள் அவர் எப்படிப் பேசினார். ‘திட்டினார்’ என்பதோடு நிறுத்தினால் அது மனதில் மலையாக நிற்கும். ‘இரண்டு நிமிடம், திருத்தம் ஐந்து நிமிடம், மறுநாள் வழக்கம்போல் தேநீர் சாப்பிட்டாயா என்றார்’ என்று எழுதினால் அதன் உண்மை அளவு தெரியும்.

ஒரு படியில் பயம் தொடக்கத்தில் இருந்ததில் பாதியாகக் குறையும் வரை நில்லுங்கள். மூன்று நான்கு முறையாவது ஆகும். வாரத்துக்கு இரண்டு மூன்று முயற்சி. ஒரு வாரத்தில் ஒரு படிக்கு மேல் ஏற வேண்டாம்.

ஏணி ஏறியும் பயம் குறையவில்லை என்பவர்கள் பெரும்பாலும் ஒளித்து வைத்த ஊன்றுகோலோடு ஏறுகிறவர்கள். செய்தியை அனுப்பிவிட்டு அழித்து மறுபடி அனுப்புவது. ஒவ்வொரு மின்னஞ்சலின் முடிவிலும், ‘பிழை இருந்தால் மன்னிக்கவும்’ என்று போடுவது. அனுப்பும் முன் அண்ணனிடம், தோழியிடம், பழைய ஆசிரியரிடம் என்று மூவரிடம் காட்டுவது. கூட்டத்தில் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போவது. இவற்றோடு செய்தால் காரியம் நல்லபடி முடியும், ஆனால் மனம் அதன் புகழை ஊன்றுகோலுக்குக் கொடுத்துவிடும்: ‘அண்ணன் பார்த்ததால்தான் தப்பித்தேன்.’ ஆகவே படியை எழுதும்போதே எந்த ஊன்றுகோல் இல்லாமல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக விட வேண்டாம், ஒவ்வொன்றாக.

வேண்டுமென்றே சிறு பிழை விடுவதும் ஒரு நல்ல பயிற்சி: குழுச் செய்தியில் ஓர் எழுத்துப்பிழை, விருந்தாளி வரும்போது மடிக்காத துணிக்கூடை ஒன்று, கோலத்தில் ஒரு புள்ளி கோணல். இது இரண்டாவது, மூன்றாவது கூடைக்கு மட்டும். சம்பளக் கணக்கில் பயிற்சி எடுத்துவிடாதீர்கள்.

ஆழம் பார்த்து உளி

பால்மரம் (ரப்பர்) வெட்டத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பட்டையின் உள்பக்கம் போகப் போகத்தான் பால் அதிகம். அதனால் இன்னும் கொஞ்சம் ஆழமாக என்று கை போகும். ஒரு மில்லிமீட்டர் அளவாவது பட்டையை விட்டு வைக்காமல் உளி உள்ளே பட்டுவிட்டால் காயம். அங்கே பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், மறுபடி அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் வழக்கம் மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்பதால்தான். ஓய்வில்லாமல் வெட்டிய மரத்தில் வெட்டு காய்ந்து பால் நின்றுபோகும்.

நமக்கும் அதே கணக்குதான்: வாரத்தில் ஒரு நாள் ஏணியும் இல்லை, புத்தகமும் இல்லை. மற்ற நாளில் இரவு 10 மணிக்குப் பிறகு திருத்தம் இல்லை. களைத்த கண் இல்லாத பிழையைக் காணும், இருக்கிற பிழையை விட்டுவிடும். ஓய்வை ‘வேலை முடிந்தால்’ என்று வைக்காதீர்கள். குறையே கூடாது என்பவருக்கு வேலை முடிவதே இல்லை.

ஏழாம் வாரம் முதல்: வேலையிலும் தொழிலிலும்

இதுவரை பழகியதைப் பெரிய காரியத்துக்குக் கொண்டுபோகலாம். விதி ஒன்றுதான்: ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு மாற்றம்.

வீட்டுத் தொழில் என்றால் முதல் சுற்று பத்து பாக்கெட், பக்கத்து வீடுகளுக்கு. ‘என்ன குறை?’ என்று மூன்று பேரிடம் மட்டும் கேளுங்கள். இருபது பேரிடம் கேட்டால் இருபது குறை வரும், அதில் பத்து ஒன்றுக்கொன்று எதிரானதாக இருக்கும். உப்பு கூடுதல் என்று இருவர் சொன்னால் அடுத்த சுற்றில் உப்பு மட்டும் மாறட்டும். உப்பு, உறை, விலை மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. இரண்டாவது சுற்று முப்பது பாக்கெட், பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) தெரிந்தவர் கடை ஓரத்தில். லோகோ, முகநூல் பக்கம், நிறம் எல்லாம் ‘அடுத்த முறை’ பக்கத்தில் காத்திருக்கட்டும். எஸ்.எஸ்.எம். (நிறுவனங்கள் ஆணையம்) வணிகப் பதிவைக்கூடத் தொழில் தொடங்கி 30 நாளுக்குள் செய்யலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60. நல்ல பெயர் கிடைக்கவில்லை என்று ஆறு மாதம் தள்ளிப்போடுகிறவர்கள் சொந்தப் பெயரிலேயே தொடங்கிவிடலாம்.

கைத்தொழில் கற்கிறவர்களுக்கு ஏணி ஏற்கெனவே கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழ் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிலை நிலையாகப் போகும். நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. வெல்டிங்கோ குளிர்சாதனமோ, இரண்டாம் நிலையில் இருப்பவர் தன்னை இருபது வருட அனுபவக்காரரோடு ஒப்பிட்டு வெட்கப்படுவதில் அர்த்தமில்லை. ஒப்பீடு தன்னுடைய ஆறு மாதத்துக்கு முந்தைய வேலையோடு இருக்கட்டும். அதற்கு முதல் வெல்டிங் துண்டைத் தூக்கிப்போடாமல் தேதி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்கள் வெட்கப்பட்டு முதலில் வீசுவது அதைத்தான்.

படிப்படி என்பது ஏழைச் சமாதானம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், அன்றைய மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பாட்டாளிகளிடம் சிறு சிறு தொகையாகச் சேர்த்துத்தான் தோட்டங்களை வாங்கியது. முழுப் பணமும் கையில் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

வீட்டில் பேசும் விதம்

பிள்ளை 87 மதிப்பெண் வாங்கி வந்தால், “மிச்சம் 13 எங்கே?” என்று கேட்பது வேடிக்கைக்குத்தான். பிள்ளை அதை வேடிக்கையாக வைத்துக்கொள்வதில்லை. “எந்தக் கேள்வி கஷ்டமா இருந்துச்சு? அதை எப்படிச் செஞ்ச?” என்று கேட்டுப் பாருங்கள். மதிப்பெண்ணைப் பற்றி அன்று அதோடு போதும்.

மற்றவர்மேல் சுமத்தும் வகைக்காரர்கள், முக்கியமாக மண்டோர்களும் மேற்பார்வையாளர்களும், வேலையைக் கொடுத்துவிட்டுத் தாங்களே திரும்பச் செய்வார்கள். கொடுக்கும்போதே மூன்று வரிப் பழ அடையாளத்தைச் சொல்லுங்கள். பாதியில் ஒரு முறை மட்டும் பாருங்கள். அடையாளம் எட்டியிருந்தால், உங்கள் பாணியில் இல்லையென்றாலும் தொடாதீர்கள். தொட்டால் அடுத்த முறை அவர் பாதிதான் செய்து கொடுப்பார். எப்படியும் நீங்கள் மாற்றப்போகிறீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

வயதில் பெரியவர்கள், “என்னம்மா, இவ்வளவுதானா?” என்று கேட்டால் எதிர்த்து விளக்கத் தேவையில்லை. “ஆமாங்க பெரியம்மா, இந்த முறை இவ்வளவு. அடுத்த முறை பாப்போம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஏணியில் அதற்கு 65 போட்டுக்கொள்ளுங்கள்.

புத்தகம் போதாத நேரம்

சரிபார்ப்பதிலேயே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியவில்லை என்றால் இந்த முறையோடு நிற்காதீர்கள். இடைவிடாத சரிபார்ப்பு வேறு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். பக்கத்து அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்கு மருத்துவரைப் பார்த்து மேல்சிகிச்சைக்கு எழுதி வாங்கலாம். மலேசிய சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் என்ற உதவி அமைப்பின் எண் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சரியான சொல் கிடைத்த பிறகு கூப்பிடலாம் என்று இருக்காதீர்கள். “என்ன சொல்றதுன்னு தெரியல” என்று தொடங்கினாலே அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

பன்னிரண்டாம் வாரம்

முதல் வாரத்தில் போட்ட அதே ஐந்து பத்தியை மறுபடி ஒரு வாரம் எழுதுங்கள். பயம் போய்விட்டதா என்று பார்க்காதீர்கள், போயிருக்காது. பார்க்க வேண்டியவை மூன்று: நினைத்த நேரத்துக்கும் ஆன நேரத்துக்கும் இடையே உள்ள தூரம் குறைந்திருக்கிறதா, அனுப்பாமல், கொடுக்காமல் கிடக்கும் வேலை முன்பைவிடக் குறைவா, ‘அடுத்த முறை’ பக்கத்தில் எழுதியதில் எத்தனை உண்மையிலேயே அடுத்த முறை செய்தீர்கள். மூன்றில் ஒன்று நகர்ந்திருந்தாலும் முறை வேலை செய்கிறது. ஏணியை அடுத்த பயத்துக்கு மாற்றலாம். ஒன்றும் நகரவில்லையென்றால் முதலில் ஊன்றுகோல் பட்டியலைத் தேடுங்கள், பிறகு கூடை பிரித்ததைப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றில் இருக்கும்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் தேர்வு மாதமும் பழைய பழக்கம் திரும்பும் காலம். அப்போது புதுப் படி ஏற வேண்டாம். மூன்று வரிப் பழ அடையாளத்தை மட்டும் விடாமல் எழுதி வாருங்கள். புத்தகம் இதற்குள் அடித்தல் திருத்தலும் தேநீர்க் கறையுமாக இருக்கும். அதைப் புதுப் புத்தகத்தில் அழகாக எடுத்தெழுத ஆசை வந்தால், அந்த ஆசைக்கும் ஏணியில் ஓர் எண் போடுங்கள்.